சோர்வு சாக்கா, சாட்சியா?

அல்லாஹ் எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்துவதில்லை என்பது சூரத்துல் பகராவின் கடைசி ஆயத்து நமக்குத் தரும் பெரிய ஆறுதல். இந்த ஆயத்தை ஓதாத முஸ்லிம் வீடு இருக்காது. ஆனால் அந்தச் சக்தி எவ்வளவு என்று அளப்பவர் யார் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. நஃப்ஸின் கையில் அளவுகோலைக் கொடுத்தால் அது குறைத்து அளக்கும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற வெட்கத்தின் கையில் கொடுத்தால் அதுவோ கூட்டி அளக்கும். இரண்டுமே பொய் அளவுதான். இந்த வேறுபாட்டை நாம் கிதாபில் படித்திருந்தும், ஒரு மனிதர் தெருவில் மயங்கி விழுந்த பிறகுதான் புரிந்து கொண்டோம். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

மீஞ்சூரைச் சுற்றி அத்திப்பட்டு, வல்லூர், எண்ணூர், காட்டுப்பள்ளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள். நிலக்கரியும் கன்டெய்னரும் இரவு பகல் பார்ப்பதில்லை. அவற்றோடு வேலை செய்கிற மனிதர்களும் பார்க்க முடிவதில்லை. நாம் இமாமத் செய்யும் பள்ளியின் ஜமாஅத்தில் பாதிப் பேர் ஷிப்டு வேலைக்காரர்கள். அவர்களில் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், நம்மை விட மூத்தவர். பாய் என்றே அழைப்போம். மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். எடையைக் குறையுங்கள், நடங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எப்படிக் குறைப்பது, எப்போது நடப்பது என்பதை அவர் தாமே முடிவு செய்து கொண்டார். நம்மில் பலரும் அப்படித்தானே!

சோற்றை அடியோடு விட்டார். இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி. அதோடு இரவு ஷிப்டு. காலையில் வேலை முடிந்து மீஞ்சூர் வந்து இறங்கியதும் மாத்திரையைப் போட்டுக் கொண்டு, பசியாறாமல் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பார். பிறகுதான் வீடு. பகலில் எங்கே தூக்கம்? பிள்ளைகள், தெரு, வெயில். லுஹருக்கு எழுந்து பள்ளிக்கு வந்து விடுவார். சுன்னத்துக்கும் பர்ளுக்கும் இடையில் தூணில் சாய்ந்தபடி கண் அயர்ந்து விடுவார். ஒரு பெரியவர் கைத்தடியால் தட்டி, ஒளு போயிற்று, எழுந்து போய்ச் செய்து வாரும் என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நாமும் சிரித்திருக்கிறோம்.

அந்த நாட்களில் ஒரு ஜும்ஆவில் சோம்பலைப் பற்றிப் பயான் செய்தோம். மனிதன் உறங்கும்போது அவன் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் போடுகிறான் என்றும், எழுந்து அல்லாஹ்வை நினைத்தால் ஒன்றும், ஒளுச் செய்தால் ஒன்றும், தொழுதால் ஒன்றுமாக அவை அவிழ்ந்து அவன் சுறுசுறுப்பாகி விடுகிறான் என்றும் புகாரி ஷரீபில் வரும் ஹதீஸை விளக்கினோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சின் வேகத்தில், அசதி, களைப்பு, முடியவில்லை என்பதெல்லாம் ஷைத்தானின் முடிச்சுதான், மூமினுக்கு ஏது களைப்பு என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துப் பேசி விட்டோம். ஜனங்கள் தலையாட்டினார்கள். இரண்டாவது ஸஃப்பில் உட்கார்ந்திருந்த பாயும் தலையாட்டினார்.

பத்து நாள் சென்று, ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் காலை ஏழு மணி சுமாருக்கு அவர் தள்ளாடி உட்கார்ந்து விட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. டீக்கடை வாசலில் நின்றவர்கள், காலையிலேயே குடித்து விட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தார்களாம். தொப்பியும் தாடியுமாக இருந்த மனிதரைப் பார்த்து! ஓர் ஆட்டோக்காரத் தம்பி மட்டும் தன் தாயார் இப்படி ஆவதைக் கண்டவன். ஓடிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தான். கால் மணி நேரத்தில் பாய் தெளிந்தார். அந்தத் தம்பி முஸ்லிம் அல்ல. நாம் அறியாததை அவன் அறிந்திருந்தான். அல்லாஹ் அவனுக்கு நல்லருள் புரிவானாக.

மறுநாள் பார்க்கப் போனோம். அவர் சொன்ன வார்த்தை இன்றும் உறுத்துகிறது. "ஹஜ்ரத், ஒரு வாரமாவே கால் பின்னிக்கிட்டுத்தான் இருந்திச்சு. நீங்கதான் முடிச்சுன்னு சொன்னீங்களே, அவிழ்ந்துடும்னு நடந்துக்கிட்டே இருந்தேன்" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. அதனால்தான் அதிகம் உறுத்துகிறது.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவத்தை ஓதும் காலத்தில் படித்தோம். பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அந்த நிலையில் அவருக்குக் குளிப்பும் கடமையாகி விட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை ஏது என்றார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு எட்டியபோது, அவர்கள் அவரைக் கொன்று விட்டார்கள் என்று மிகக் கடுமையாகச் சொன்னார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பது தானே என்றார்கள். தயம்மும் பாடத்தில் வருவதால் நாம் இதை ஒரு சட்ட ஆதாரமாகவே மனனம் செய்திருந்தோம். அந்தத் தோழர்களின் இடத்தில் நாமே மிம்பரில் நிற்போம் என்று நினைத்ததில்லை. நம் பாய் பிழைத்து விட்டார். அது அல்லாஹ்வின் அருள். நம் எச்சரிக்கை அதில் ஒன்றுமில்லை.

அப்படியானால் சோம்பல் என்று ஒன்றே இல்லையா? உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் வழக்கமாகக் கேட்டு வந்த ஒரு துஆவில், அஜ்ஸை விட்டும் கஸலை விட்டும் பாதுகாப்புத் தேடினார்கள். ஒன்று இயலாமை, மற்றொன்று சோம்பல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஆனால் இரண்டு சொற்களாக வைத்தார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு சொல் போதுமே. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இருவருமே உட்கார்ந்திருப்பார்கள், இருவருமே முடியவில்லை என்பார்கள். ஒருவனுக்கு முடியும், மனம் இல்லை. இன்னொருவனுக்கு மனம் இருக்கிறது, முடியவில்லை. முதலாமவனுக்குத் தூண்டுதல் மருந்து. இரண்டாமவனுக்கு அதே தூண்டுதல் விஷம்.

முடிச்சு ஹதீஸை மறுபடி திறந்து பார்த்தால், பிரித்தறியும் வழியே அதற்குள் இருக்கிறது. அந்த முடிச்சு ஒளுவில் அவிழ்கிறது, தொழுகையில் அவிழ்கிறது. அதாவது, தொடங்கினால் போய் விடுகிறது. நடைப்பயிற்சியிலும் இதைக் காணலாம். முதல் பத்து நிமிடம் கால் கனக்கும், வீட்டுக்குத் திரும்பி விடலாமா என்று தோன்றும். பிறகு உடம்பு சூடாகி, நடை தானாக ஓடும். இது கஸல். இதற்கு இணங்கக் கூடாது. ஆனால் நடக்க நடக்கக் கூடுகிற களைப்பு ஒன்று உண்டு. குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல், நெஞ்சில் பாரம், மூச்சு வாங்கல் என்று வருகிற களைப்பு. இது நூறு முறை ஒளுச் செய்தாலும் அவிழாது. இது முடிச்சும் அல்ல. இதைக் கண்டதும் நின்று விட வேண்டும், உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். வாரக் கணக்கில் தூங்கி எழுந்தாலும் தீராத அசதியோ மூன்றாவது வகை. அதற்கு இரத்தப் பரிசோதனைதான் பதில் சொல்லும்.

காஜியின் முன் ஒரு சாட்சி வந்தால் அவர் என்ன செய்வார்? வந்தவுடனே நம்பவும் மாட்டார், விரட்டவும் மாட்டார். விசாரிப்பார். எங்கே இருந்தாய், எப்போது பார்த்தாய், உன்னைத் தெரிந்தவர் யார் என்று கேட்பார். களைப்பு என்பது உடல் அனுப்புகிற சாட்சி. அதையும் விசாரிக்கத்தான் வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாய்? கடைசியாக எப்போது சாப்பிட்டாய்? எதை விட்டாய், விட்டதற்குப் பதிலாக எதைச் சேர்த்தாய்? மருந்து என்ன, அதை உணவுக்கு முன் போட்டாயா, பின் போட்டாயா? பாயை மருத்துவரிடம் அழைத்துப் போனபோது அவர் கேட்டவை இந்தக் கேள்விகளே. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை நாமோ, தூணருகே தட்டி எழுப்பிய பெரியவரோ, ஓடு ஓடு என்று உற்சாகப்படுத்திய நண்பர்களோ அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறோம். சில வகைச் சர்க்கரை மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக் கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் அதைப் போட்டு வேகமாக நடந்தால் தசைகளும் சர்க்கரையை இழுக்கும், இருபக்கமும் இறக்கம். மூளைக்குப் போதாமல் போய்க் குழறலும் மயக்கமும் வரும். வேறொரு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து அசதி தட்டுமாம். சோற்றை மொத்தமாக நிறுத்தினால் முதல் சில நாட்களில் உடம்பில் சேமித்த மாவுச்சத்தோடு நீரும் வெளியேறும். எடை குறைகிறதே என்று சந்தோஷப்படுகிறோம், பாதி தண்ணீர். போதிய முட்டை, பருப்பு, மீன் இல்லாமல் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தவன் எப்படி நடப்பான்? இதற்கெல்லாம் மேலாக, பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாவதில்லை. அது குறைவாகவும் மேலோட்டமாகவுமே அமைகிறது.

மன உறுதி இருந்தால் எல்லாம் முடியும் என்போருக்கு ஒரு செய்தி. 1945ம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார். போரினால் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக அது. அந்த இளைஞர்கள் மனசாட்சியின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். நாடே எதிர்த்தாலும் கொள்கையில் நின்றவர்கள். ஆறு மாத காலம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதி கொடுத்து, வாரத்துக்கு 22 மைல் நடக்க வைத்தார்கள். உடல் எடையில் சுமார் நாலில் ஒரு பங்கு போயிற்று. அதை விடக் கவனிக்க வேண்டியது, அவர்கள் மனம் போன போக்கு. படிப்பில் நாட்டம் போயிற்று. சிரிப்பு போயிற்று. எப்போதும் குளிர், எப்போதும் சாப்பாட்டு நினைவு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். உணவு திரும்பக் கிடைத்ததும் மெல்ல மெல்லப் பழையபடி ஆனார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியுமா? மன உறுதியும் சோற்றில்தான் நிற்கிறது என்பதை அந்த 36 பேர் தங்கள் உடலைக் கொடுத்துக் காட்டினார்கள்.

நம் மார்க்கம் இதை அறியாததல்ல. இரண்டு தூண்களுக்கு இடையே ஒரு கயிறு கட்டியிருப்பதைப் பள்ளியில் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டார்கள். ஜைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்தால் பிடித்துக் கொள்வதற்காகக் கட்டியது என்றார்கள். அவிழ்த்து விடுங்கள், சுறுசுறுப்பு இருக்கும் வரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்று உத்தரவாயிற்று. அவிழ்க்க வேண்டிய முடிச்சு ஒன்று பிடரியில் இருந்தது போல, அவிழ்க்க வேண்டிய கயிறும் ஒன்று இருந்திருக்கிறது! நாம் முதலாவதை மட்டும் மிம்பரில் சொன்னோம்.

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் திருத்திய விதமும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஸல்மான் அவர்கள் முதலில் பயான் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தார்கள், வீட்டிலுள்ளவர்களின் நிலையைப் பார்த்தார்கள், நீர் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று உடன் உட்கார வைத்தார்கள், இரவில் தூங்கச் சொன்னார்கள், பின்னிரவில் எழுப்பித் தாமும் சேர்ந்து தொழுதார்கள். அதன் பிறகே ஒவ்வொருவருக்கும் உரிய உரிமையைக் கொடுத்து விடும் என்றார்கள். அதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உண்மை என ஏற்றார்கள்.

வீட்டிலுள்ளவர்கள் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆணின் களைப்பையாவது ஷிப்டு என்று சொல்லி மதிக்கிறோம். பெண்ணின் களைப்பை எந்த விசாரணையும் இன்றிச் சோம்பல் என்று தீர்ப்பளித்து விடுகிறோம். 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டு, சாப்பிட்ட கையோடு இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாத டீயையும் குடிக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் பெண்ணே உடல் இளைக்க வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டையும் விட்டால் என்ன ஆவாள்? திரிகையில் அரைத்துக் கை காய்த்துப் போன பாத்திமா (ரலி) அவர்கள் உதவிக்கு ஆள் கேட்டு வந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் மகளைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. அன்றிரவே மகள் வீட்டுக்குப் போய் அருகில் உட்கார்ந்து, படுக்கைக்குப் போகும்போது ஓதுமாறு தஸ்பீஹைக் கற்றுக் கொடுத்தார்கள். ஆள் கொடுக்க முடியாத காலம் அது. ஆனாலும் போய் உட்கார்ந்தார்கள்.

இப்போது பாய் என்ன செய்கிறார்? வேலை முடிந்து வந்ததும் பசியாறுகிறார். மருத்துவர் மாற்றித் தந்த மாத்திரையை உணவோடு சாப்பிடுகிறார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு நேரே தூங்கப் போகிறார். சோற்றை விடவில்லை, பாதியாக்கினார். அந்த இடத்தில் சுண்டலும் முட்டையும் மீனும் வந்தன. அஸருக்குப் பிறகு இருபது நிமிடம் நடை. லாரிகளுக்கு நடுவே நம்மூர் ரோட்டில் நடப்பதே ஒரு ஜிஹாது என்பதால், உட்தெருவிலேயே நாலு சுற்று. மெல்ல மெல்ல அரை மணியாக்கியிருக்கிறார். வாரத்தில் 150 நிமிடம் மிதமான பயிற்சி போதும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் கணக்கு நேராகி விடும். குறைவானாலும் நிலையாகச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற ஹதீஸை நாம் நினைவூட்டினோம். இந்தத் தடவை, மருத்துவரைக் கேட்ட பிறகு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. எடை முன்பு போல மளமளவென்று இறங்கவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

லுஹர் ஜமாஅத்துக்கு அவர் வராத நாட்கள் உண்டு. தூங்கி எழுந்து வக்துக்குள் வீட்டில் தொழுது கொள்கிறார். சிலர் நம்மிடம் புகார் சொன்னார்கள். இரவெல்லாம் வேலை செய்தவர், உடம்பு சரியில்லாதவர் என்று பதில் சொன்னோம். புகார் சொன்னவர்களில் கைத்தடிப் பெரியவர் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. வரும் ரமளானில் முப்பது நோன்பையும் பிடித்து விட வேண்டும் என்று பாய் துடிக்கிறார். நோயாளிக்கு வேறு நாட்களில் கழாச் செய்ய அனுமதி உண்டென்று குர்ஆனே கூறுவதும், தகுதியுள்ள நம்பிக்கையான மருத்துவரின் சொல்லை அதற்கு ஆதாரமாகக் கொள்ளலாம் என்பதும் அவருக்குத் தெரியும். 2001ம் ஆண்டு ரமளானை ஒட்டி 13 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், இவரைப் போன்ற நோயாளிகளுக்கு நோன்புக் காலத்தில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு ஏறத்தாழ ஏழரை மடங்கு கூடியதாகக் கண்டதையும் சொன்னோம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அந்த நொடியே நோன்பை விட்டு விட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். விரல் நுனியில் குத்திப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பது இக்காலப் பெரும்பாலான உலமாக்களின் கருத்து. எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டு, "நீங்க என்ன சொல்றீங்க ஹஜ்ரத், பிடிக்கலாமா கூடாதா?" என்றார். முன்பானால் அந்த இடத்திலேயே ஒரு பதில் சொல்லியிருப்போம். திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கச் சீட்டு வாங்கியிருக்கிறது. நாமும் கூடப் போகிறோம்.